தோலும் தேய்மானமும்

செம்புக் காசு ஒன்றைக் கையில் கொடுத்தால் ஐயா முதலில் ஆண்டைப் பார்க்கமாட்டார். எந்த அரசு, எந்த அக்கசாலை என்பதெல்லாம் அப்புறம்தான். விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, வடக்குப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெல்லச் சாய்ப்பார். முன்னும் பின்னும் ஒருமுறை, இடமும் வலமும் ஒருமுறை. அது முடியும்வரை பேச்சில்லை. கொண்டுவந்தவர் விலையைச் சொன்னாலும் காதில் வாங்கமாட்டார்.

கரூர்ப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, திருவல்லிக்கேணியில் மகன் வீட்டோடு இருந்தார். நான் அப்போது பாரிமுனையில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. 1990களின் தொடக்கம். பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோன பிறகு அங்கிருந்த வியாபாரிகள் திசைக்கொருவராகப் போயிருந்தார்கள். பழங்காசு விற்றவர்களில் சிலர் சென்ட்ரல் பக்கத்திலேயே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சாக்குகளில் காலணாக்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஏற்பட்ட பழக்கம், அவர் காலமாகும்வரை நீடித்தது. நாணயம் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஜன்னலோரத்தில் தெரிந்துகொண்டதுதான்.

வியாபாரிகளிடம் ஒரே சொல்தான் இருந்தது: கண்டிஷன். “கண்டிஷன் சூப்பர் சார்” என்றால் காசு தேயவில்லை என்றும் பொருள், பளபளக்கிறது என்றும் பொருள், களிம்பு இல்லை என்றும் பொருள். ஐயா இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். “ஒரு காசுக்கு ரெண்டு கணக்குங்க தம்பி. எவ்வளவு தேஞ்சிருக்குன்னு ஒண்ணு. தோல் எப்படி இருக்குன்னு ஒண்ணு. ரெண்டையும் ஒரே பேருல எழுதுனா ரெண்டுமே பொய்யாப் போயிருமுங்க.” அவருடைய காகித உறைகளில் எல்லாம் பென்சிலால் இரண்டு வரி இருக்கும். மேல்வரி தேய்மானம். கீழ்வரி தோல்.

அந்த இரண்டு வரி எதற்கென்று எனக்கு நன்றாக விளங்கியது இருபது காசு நாணயங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான். கறுப்புத் துணிமேல் வைத்துக் காட்டினார். இரண்டும் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக அடித்தவை. ஒன்றில் 1803, மற்றதில் 1808. அமைப்பில் வேறுபாடில்லை. ஒருபக்கம் கம்பெனியின் சின்னம்: நடுவில் கேடயம், இருபுறமும் அதைத் தாங்கும் சிங்கங்கள், மேலே தலைக்கவசத்தின் மீது ஒரு குட்டிச் சிங்கம், அடியில் ஆண்டு. மறுபக்கம் இருபது காசு நாலு ஃபலூஸ் என்று பாரசீக எழுத்தில் ஒரு வாசகம், அதற்கும் கீழே ரோமன் எண்ணில் இருபது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்று இங்கே கணக்குப் பார்த்த காலம் அது. ஆர்க்காட்டு நவாபின் சீமை 1801-இல் கம்பெனி கைக்குப் போன பிறகு, இந்த நாட்டுக்குச் செம்புச் சில்லறையை பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ அக்கசாலையில் நீராவி யந்திரத்தால் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள்.

இரண்டில் எது மேல் என்று யாரைக் கேட்டாலும் 1808-ஐத்தான் காட்டுவார்கள். சிங்கத்தின் பிடரியில் மயிர் மயிராகக் கோடு தெரிந்தது. கேடயத்தின் சிலுவை கூர்மையாக நின்றது. அடியில் ஓடும் நாடாவில் இருந்த லத்தீன் எழுத்துகளைக் கண்ணாடி இல்லாமலே எழுத்துக் கூட்டலாம். 1803-இல் இதெல்லாம் போய்விட்டது. பிடரி வழவழவென்று இருந்தது, உச்சியிலிருந்த குட்டிச் சிங்கம் ஒரு மேடாக மட்டும் மிஞ்சியிருந்தது, நாடாவில் எழுத்து இருந்ததற்கான அடையாளமே இல்லை. தேய்மானக் கணக்கில் 1808 எக்ஸ்.எஃப். (எக்ஸ்ட்ரா ஃபைன்) என்றால் 1803-ஐ ஃபைன் என்று சொல்வதற்கே கொஞ்சம் தாராளம் வேண்டும்.

பிறகு பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். பத்து மடங்கு காட்டும் கண்ணாடி. அதற்கு மேல் வேண்டாம், எல்லாக் காசும் குற்றவாளியாகத் தெரியும் என்பார்.

1808-இன் வெற்றிடத்தைப் பார்த்தேன். நாணயத்தில் உருவமோ எழுத்தோ இல்லாத சமதளம்தான் தோலின் கதையைச் சொல்லும் இடம். அது முழுக்க ரவை கொட்டிப் பரப்பியதுபோலப் பொருபொருவென்று இருந்தது. எழுத்துகளின் ஓரங்களில் சிறு சிறு குழிகள். நிறம் செம்பழுப்புதான், ஆனால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் வெளிச்சம் அதன்மேல் ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே செத்துப்போனது. அடித்த சூடு மாறாத காசில் சாய்க்கும்போது சக்கரம் சுற்றுவதுபோல ஓர் ஒளிப்பட்டை சுழலும். அச்சுக்கடியில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்தபோது உண்டான நுண்ணிய வரிகள்தான் அந்த ஒளியைத் தருகின்றன. அந்த வரிகள் அரித்துப் போய்விட்டால் ஒளியும் போய்விடும். எந்தப் பூச்சாலும் அது திரும்பாது.

“புழங்காத காசு. ஆனா உப்பு தின்னுபோட்டுதுங்க” என்றார்.

1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கடற்கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் மோதி உடைந்த அட்மிரல் கார்டினர் என்ற கம்பெனிக் கப்பலின் சரக்கு அது. சென்னைக்கு வரவேண்டிய 48 டன் செம்புக் காசு, பத்து காசும் இருபது காசுமாகப் பீப்பாய்களில் அடைத்து அதில் ஏற்றியிருந்தார்கள். 1980களின் நடுவில்தான் முக்குளிப்பவர்கள் அதை எட்டினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகள் மேலே வந்தன. பீப்பாயின் நடுவில் கிடந்தவை சுற்றியிருந்தவற்றின் தயவில் ஓரளவு தப்பின. வெளிச்சுற்றில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. ஐயாவின் காசு இரண்டுக்கும் இடைப்பட்ட எங்கோ இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டு ஏலத்தில் எடுத்த ஒரு நண்பர் கொடுத்ததாகச் சொன்னார்.

எனக்கு அந்தக் காசை வைத்துவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. திருவல்லிக்கேணியிலும் கொத்தவால்சாவடியிலும் அரிசியும் உப்பும் வாங்கவேண்டிய காசு. வங்காள விரிகுடாவைப் பார்க்காமலே கடலில் போய், சுமார் 175 ஆண்டுக்குப் பிறகு கரையேறி, ஒரு சேகரிப்பாளரின் தபால் உறையில் சென்னைக்கு வந்து சேர்ந்திருந்தது. யார் கையும் தேய்க்காத பிடரி. ஆனால் தோல் முழுக்க அரிப்பு. பக்கத்திலேயே 1803: சமதளத்தில் ஒரு குழி இல்லை, ஒரு கீறல் இல்லை, எழுத்தின் அணைப்புகளில் மட்டும் ஒரு மாற்றுக் கூடுதலாகக் கறுத்த, மற்றபடி எங்கும் ஒரே சீரான கருப்பட்டி நிறம். விளிம்பில் சின்னதாக ஒரு நசுங்கல். சந்தையிலும் கோயில் உண்டியலிலும் மடியிலும் புழங்கிப் புழங்கியே தேய்ந்திருந்தது. எது வேண்டும் என்று அன்று கேட்டிருந்தாலும் இன்று கேட்டாலும் நான் 1803-ஐத்தான் எடுப்பேன். 1808-ஐ வைத்துக்கொள்ளத் தகுந்ததில்லை என்று சொல்லவில்லை. அதன் கதை பெரியது. ஆனால் கதைக்காக வைத்துக்கொள்கிற காசும் காசுக்காக வைத்துக்கொள்கிற காசும் வேறு வேறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மேல்வரி எழுதுவதிலும் ஒரு வம்பு உண்டு. யந்திரத்தில் அடித்த காசில் எது தேய்ந்தது என்று கண்டுபிடிப்பது எளிது. எல்லாக் காசும் ஒரேபோலப் பிறந்தவை. கையால் அடித்த நம் பழங்காசுகள் அப்படியில்லை. ராஜராஜனின் செப்புக்காசு தமிழ்நாட்டில் சேகரிக்கும் எல்லோரிடமும் ஒன்றிரண்டு இருக்கும். ஒருபுறம் நிற்கிற உருவம், மறுபுறம் உட்கார்ந்த உருவமும் நாகரியில் ராஜராஜன் பெயரும். அதில் முகம் இல்லாமல், கால் மட்டும் தெளிவாக இருக்கும் காசுகள் எத்தனையோ. பார்த்ததும் தேய்ந்துவிட்டது என்று ஒதுக்கிவிடத் தோன்றும். சம்மட்டி சாய்வாக விழுந்து அந்த இடத்தில் அச்சு பதியாமலே போயிருக்கலாம். ஐயா அந்த மொட்டை இடத்தைத்தான் உற்றுப் பார்ப்பார். அச்சு பதியாத இடத்தில் வார்த்த தகட்டின் சொரசொரப்பு அப்படியே இருக்கும், நிறமும் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகும். தேய்ந்த இடம் வழவழப்பாகி, மேடுகளில் மட்டும் நிறம் வேறாக இருக்கும். முகமே தெரியாத சோழக் காசு ஒன்றை எடுத்து, அது அநேகமாகப் புழங்கவே இல்லை என்று அவர் காட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அவர் சைவர். காலையில் திருநீறு இல்லாமல் ஜன்னலோரம் உட்காரமாட்டார். ஆணவ மலம் உயிரோடு கூடவே இருப்பதற்குச் சித்தாந்திகள் செம்பின் களிம்பை உவமை சொல்வார்கள் அல்லவா, செம்பு என்றைக்கு உண்டோ அன்றைக்கே களிம்பும் உண்டு என்று. அதை எடுத்துச் சொல்லிவிட்டு, “உவமை சரிங்க. ஆனா காசுல இருக்கற பச்சை எல்லாம் ஒரே பச்சை இல்லீங்க தம்பி” என்பார். கரும்பச்சையாக, கெட்டியாக, நகம் பட்டால் அசையாமல் ஒட்டியிருப்பது ஒரு வகை. மண்ணில் நெடுங்காலம் கிடந்த செம்பு தனக்குத் தானே போர்த்திக்கொண்ட சட்டை அது. உள்ளிருக்கும் உலோகத்தை அதுவே காக்கும். அதைச் சுரண்டுவது கொலை. இன்னொன்று வெளிர்பச்சை. மாவு மாவாக, ஊசிமுனை அளவுப் புள்ளியாகத் தொடங்கும், தொட்டால் விரலில் ஒட்டும். இதை வெண்கல நோய் என்பார்கள், வெண்கலத்துக்கு மட்டுமல்ல, செம்புக்கும் வரும். உள்ளே தங்கிவிட்ட உப்பின் குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, அந்த அமிலம் இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்று, மறுபடி குளோரைடாகி, மறுபடி அமிலமாகும். ஈரப்பதம் நாற்பது சதவீதத்தைத் தாண்டி ஏற ஏற இந்தச் சுற்று விழித்துக்கொள்ளும். சென்னைக் காற்று ஆண்டு முழுவதும் அதற்கு மேல்தான்.

வைகை மணலில் எடுத்ததாக ஒருவர் கொண்டுவந்த சதுரச் செப்புக்காசில் அப்படி ஒரு புள்ளி இருந்தது. ஐயா உடனே மற்ற காசுகளிலிருந்து அதைப் பிரித்துத் தனி டப்பாவில் போட்டார். வாலைவடிநீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றி, உப்பு இறங்குவது நிற்கும்வரை வாரக்கணக்காக விட்டார். கறையை எடுக்க ஒரு எலுமிச்சை முள். எஃகு ஊசியை அவர் வீட்டில் காசுக்குப் பக்கத்திலேயே கொண்டுவர முடியாது. பிறகு உலர்த்தி, மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிவைத்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் உலோகப் பொருள்களைக் காக்கும் வேதியியல் ஆய்வுக்கூடம் 1930-லிருந்தே இருக்கிறது, பரமசிவன் என்பவர் அங்கே சாமி சிலைகளின் நோயை மின்பகுப்பால் தீர்த்தவர் என்று சொல்லி, என்னை அங்கே ஒருமுறை கூட்டிக்கொண்டும் போனார். செப்புத் திருமேனிகளுக்கு முன்னால் நின்றபோதும் அவர் கண் முகத்தை விட்டுவிட்டு, பீடத்தின் மடிப்புகளில் இருந்த பச்சையைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

சுத்தம் செய்யவே கூடாது என்று ஒரே போடாகப் போடுகிறவர்களோடு நான் முழுக்க உடன்படாததற்கு அந்தச் சதுரக் காசுகளே காரணம். பெருவழுதி என்ற பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் தாங்கிய பாண்டியர் காசை இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் கண்டு வெளிப்படுத்தினாரே, ஒருபக்கம் குதிரையும் மறுபக்கம் கோட்டுருவ மீனுமாக இருக்கும் காசு. அந்த வகைக் காசுகள் ஆற்றிலிருந்து வரும்போது பெரும்பாலும் அழுக்கும் களிம்புமான ஒரு சதுர வில்லைதான். அந்த மேல்படிவத்தை நீக்காமல் எழுத்து எங்கிருந்து தெரியும்? படிக்கவேண்டியதற்காக, தெரிந்தவர் கையால், தோல்வரை போகாமல் எடுப்பது வேறு. பளபளப்புக்காகத் தேய்ப்பது வேறு.

தேய்ப்பதில் நம் வீடுகளை மிஞ்ச ஆளில்லை. என் கிளையில் வேலைபார்த்த அம்மா ஒருவர் பாட்டியின் சுருக்குப் பையிலிருந்த காசுகளை ஐயாவிடம் காட்டவேண்டும் என்று கொண்டுவந்தார். விக்டோரியா ராணியின் காலணாக்கள், நடுவே கம்பெனியின் 1835-ஆம் வருஷத்துக் காலணா ஒன்று, 1940களின் ஓட்டைக் காசுகள். பெரியவரிடம் அழுக்காகவா கொடுப்பது என்று முந்தின நாள் ராத்திரி எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து, சாம்பலால் துலக்கி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். துணிமேல் கொட்டியபோது புதுக் குத்துவிளக்கின் நிறம். புளியின் அமிலம் பழுப்பைக் கரைத்திருந்தது. சாம்பல் வெற்றிடம் முழுக்க மயிரிழைக் கோடுகளைப் போட்டிருந்தது. நூறு ஆண்டு காற்று மெல்ல மெல்லப் பூசிய நிறத்தை எடுக்க ஒரு ராத்திரி போதுமாக இருந்தது.

ஐயா ஒவ்வொன்றையும் வழக்கம்போல எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். எதையும் அவசரப்படுத்தவில்லை. “நல்ல காசுங்கம்மா. பாட்டி ஞாபகம், விக்காதீங்க. இனிமே தண்ணிகூடப் படவேண்டாம். பருத்தித் துணியில சுத்தி வெச்சுக்குங்க” என்றார். அந்த அம்மா சந்தோஷமாகப் போனார். அவர் போன பிறகு ஐயா வெகுநேரம் பேசவில்லை. விலை போனது பற்றி அவருக்குக் கவலையில்லை. 1835-ஆம் வருஷத்துக் காசு அச்சுக் கூர்மையில் அவரிடம் இருந்ததைவிட நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

இன்றைய சேகரிப்பாளர்கள் எண்ணில் பேசுகிறார்கள். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-இல் தன் நாட்டின் பழைய செம்பு சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோல் அது. அதன் பிறப்பே விலையோடு ஒட்டியது. 70 என்றால் அடிமட்டக் காசைப்போல எழுபது மடங்கு விலை என்பதுதான் அவர் கணக்கு. செம்புக்கு நிறத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள்: அடித்தபோதிருந்த சிவப்பு பெரும்பாலும் மிஞ்சியிருந்தால் ஆர்.டி., பாதிக்குப் பாதி என்றால் ஆர்.பி., முழுக்கப் பழுத்துவிட்டால் பி.என். தோல் கெட்ட காசுக்குத் தரச் சான்று தரும் நிறுவனங்கள் எண்ணே போடாமல், இன்ன நிலைக்குரிய விவரம் தெரிகிறது, ஆனால் துலக்கப்பட்டது அல்லது அரிக்கப்பட்டது என்று எழுதிக்கொடுக்கின்றன. ஐயாவின் இரண்டு வரியும் அதைத்தான் செய்தன. அமெரிக்கச் செம்பு சேகரிப்பாளர்களில் ஒரு சாரார் கூர்மைக்கு ஓர் எண் போட்டு, தோலின் குறைக்காக அதிலிருந்து கழித்து, மிஞ்சியதை எழுதுகிறார்கள். விலை பேசுவதற்கு அது உதவும். காசைப் பார்க்காதவனுக்கு அந்த மிச்ச எண் எதையும் சொல்லாது. பதினைந்து என்றால் நன்றாகத் தேய்ந்த நல்ல தோலா, கூர்மையான அரித்த தோலா? இருபது காசு இரண்டுக்கும் அப்படிக் கழித்துப் போட்டால் ஒரே எண் வந்து நிற்கலாம்.

சென்னையில் இன்னொரு கேடு, காசை நல்லபடியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்களாலேயே வருகிறது. கடைகளில் விற்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பங்கள் பெரும்பாலும் பி.வி.சி. நம் வெயிலுக்கு அது சிதைந்து அமிலத்தை விடும். நாலைந்து கோடையில் காசின்மேல் பசைபோலப் பச்சை படியும். ஆரம்பத்திலேயே பார்த்தால் கலப்பில்லாத அசிட்டோனில் நனைத்து எடுத்துவிடலாம், அது உலோகத்தைத் தொடாது. விட்டுவிட்டால் அந்தப் பச்சை செம்பைத் தின்றுகொண்டே போகும். விரல்ரேகையும் அப்படித்தான். வேர்வை பட்ட விரலை வெற்றிடத்தில் அழுத்தினால் சில மாதத்தில் ரேகை பழுப்பாக எழும்பும், பிறகு எதற்கும் போகாது. ஐயா விளிம்பைப் பிடித்ததன் காரணம் அவ்வளவுதான்.

கோயம்புத்தூரிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் சென்ற மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். 1862-ஆம் ஆண்டு விக்டோரியா காலணா. விற்பவர் யூ.என்.சி. (புழங்காதது) என்றும் ஆர்.டி. என்றும் சொல்லி நல்ல விலை கேட்கிறாராம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படம். காசு ஆரஞ்சு நிறத்தில் தகதகத்தது. அந்த நிறம்தான் எனக்கு உதைத்தது; செம்பின் பிறவிச் சிவப்பில் ஒரு கனம் இருக்கும், இது வெளிறிய ஆரஞ்சு. எழுத்துகளின் மூலைகளில் மட்டும் கறுப்பு அப்படியே நின்றது. ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் வைத்து, விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்த்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள் என்று எழுதினேன். இரண்டு நாளில் வந்தது. எந்தச் சாய்விலும் ஒளி சுழலவில்லை. ராணியின் கன்னத்துக்குக் குறுக்கே கோடுகள் ஒரே திசையில் ஓடின. காதுக்கு மேலே முடியின் மேடும் உடையின் வேலைப்பாடும் மழுங்கியிருந்தன.

தேய்மானம் வி.எஃப். (வெரி ஃபைன்), தோல் துலக்கியது என்று இரண்டு வரியாக எழுதி அனுப்பினேன். அப்படியானால் வாங்கலாமா என்று கேட்டார். கேட்கிற விலையில் கால்வாசிக்கு இறங்கினால் வாங்குங்கள். வாங்கினால் எதுவும் தடவாமல் காகித உறையில் போட்டுவையுங்கள், சில ஆண்டுகளில் பழுப்பு தானாக ஏறும், ஆனால் கன்னத்துக் கோடுகள் போகா, அடுத்தவருக்கு விற்கும்போது அதையும் சொல்லித்தான் விற்கவேண்டும் என்று பதில் எழுதினேன்.